தூண்டில் முள்ளும் இரண்டு அலமாரியும்: பசிபிக் அருங்காட்சியக வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

ஹவாய்த் தீவுகளில் சூரை மீன் பிடிக்க ஒரு தூண்டில் செய்வார்கள். பா ஹீ ஆக்கு என்று பெயர். தண்டு, கறுப்பு விளிம்புள்ள முத்துச்சிப்பியின் ஓடு. தண்ணீரில் இழுக்கும்போது சின்ன மீன் ஓடுவதுபோல மின்னும். அதன் மேல் கட்டியிருக்கும் முள், எலும்பு. அடியில் பன்றிமயிர்க் கற்றை ஒன்று. தூண்டில் புரளாமல் அது பார்த்துக்கொள்ளும். கட்டிய நூல் ஓலோனா என்ற செடியின் நார். அந்தச் செடி ஹவாயைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. விரல் நீளப் பொருள்தான். அதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்? சிப்பி என்று கடலுயிர்ப் பிரிவிலா, கருவி என்று பண்பாட்டுப் பிரிவிலா?

பெரும்பாலான அருங்காட்சியகங்கள் பண்பாட்டுப் பிரிவில் வைத்துவிட்டு, சிப்பியை மறந்துவிடும். விலங்கியல் படித்து இந்த வேலைக்கு வருபவர்களும் சரி, மானுடவியல் படித்து வருபவர்களும் சரி, பாதித் தூண்டிலோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: விண்ணப்பம் எழுதுமுன் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள்

ஹொனலுலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசி பெர்னிஸ் பவாஹியின் நினைவாக அவர் கணவர் சார்ல்ஸ் ரீட் பிஷப் 1889இல் தொடங்கியது. அதன் ஹவாய்க் கூடத்தின் நடுவே ஒரு விந்தணுத் திமிங்கிலம் தொங்குகிறது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் காகிதக்கூழால் செய்த உடம்பு, மறுபக்கம் போனால் எலும்புக்கூடு. அதைச் சுற்றி மூன்று மாடங்களில் ஹவாய் மக்களின் பொருட்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள டெ பாப்பா, ஆக்லாந்து அருங்காட்சியகம், நீலத்திமிங்கில உருவத்துக்குப் பேர்போன நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவையும் உயிரினங்கள், மனிதர் செய்த பொருட்கள் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றன. நேரில் போக முடியாதவர்கள் அவற்றின் இணையச் சேகரிப்புப் பக்கங்களில் ஒரு வாரம் உட்காருங்கள்.

பார்க்கும்போது பொருளைவிட அதன் விவரச் சீட்டைப் படியுங்கள். மண்ணின் மொழியில் பெயர் இருக்கிறதா? செய்தவர் யார் என்று இருக்கிறதா, சேகரித்தவர் பெயர் மட்டும் இருக்கிறதா? சிப்பி என்று மட்டும் எழுதியிருக்கிறதா, எந்தச் சிப்பி என்றும் எழுதியிருக்கிறதா? இருபது சீட்டுகளை இப்படிப் படித்தால் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

மனிதர் செய்த பொருள் ஏன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் வந்தது என்ற கேள்வியும் அப்போது எழ வேண்டும். விடை நம் ஊரிலேயே இருக்கிறது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைச் சேகரித்துப் பட்டியல் போட்டார். அதே மனிதர் அளவுகோலை எடுத்துக்கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து பட்டியல் போட்டார். சங்குக்கும் மனிதனுக்கும் ஒரே கண்ணோட்டம். பசிபிக்கிலும் அதுதான் நடந்தது. இன்று அங்கே நடக்கும் திருப்பித் தருதல்கள், மன்னிப்புகள், புதிய சட்டங்கள் எல்லாம் அந்தக் கண்ணோட்டத்தைச் சரிசெய்யும் வேலைகள். இது தெரியாமல் உள்ளே போனால் சக ஊழியர்கள் எதற்கு இவ்வளவு தயங்குகிறார்கள் என்றே உங்களுக்குப் புரியாது.

இரண்டாம் படி: ஜாடிகளோடு பழகுங்கள்

என் முதல் மூன்று மாதமும் ஜாடிகளுக்கு ஸ்பிரிட் ஊற்றுவதிலேயே போனது. அதைத் தாழ்ந்த வேலை என்று நினைக்காதீர்கள். சாராயம் மூடி வழியாக மெல்ல மெல்ல ஆவியாகும். மட்டம் இறங்கி மீனின் முதுகு வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடம் காய்ந்து சுருங்கும். பிறகு எதை ஊற்றினாலும் பழைய நிலைக்கு வராது. நூறாண்டு காலம் ஒரு மீன் உருக்குலையாமல் இருக்கிறதென்றால், நூறாண்டு காலம் யாரோ வந்து மட்டம் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

மீன் ஜாடிக்குள் போகும் வழி இது. பிடித்தவுடன், நிறம் மங்குவதற்குள் படம் எடுக்க வேண்டும். பிஷப் அருங்காட்சியகத்தின் ஜான் ராண்டால் இதில் ஆசான். 800க்கும் மேற்பட்ட மீன் இனங்களுக்குப் பெயர் சூட்டியவர்; 2020இல் மறைந்தார். மீனின் துடுப்புகளைக் குண்டூசியால் விரித்து வைத்து, தூரிகையால் ஃபார்மலின் (சதை அழுகாமல் காக்கும் திரவம்) தடவி, அவை விறைத்த பிறகு ஊசிகளைப் பிடுங்கிவிட்டுப் படம் எடுப்பார். உயிரோடு நீந்துவதுபோல இருக்கும். படம் எப்போதும் மீனின் இடப்பக்கம். அதனால் டி.என்.ஏ.வுக்காகச் சதைத் துணுக்கு வெட்டுவது வலப்பக்கத்திலிருந்து. அந்தத் துணுக்கு 95 சதவீத எத்தனாலுக்குள், அதாவது சாராயத்துக்குள் போகும். ஃபார்மலின் பட்டால் டி.என்.ஏ. கெடும் என்பதால் இதை முதலில் செய்துவிட வேண்டும். பிறகுதான் முழு மீன் 10 சதவீத ஃபார்மலினுக்குள். பெரிய மீனாக இருந்தால் வயிற்றுக்குள்ளும் ஊசியால் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே அழுகும். அளவைப் பொறுத்துச் சில நாளோ சில வாரமோ கழித்து எடுத்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கடைசியில் 70 சதவீத எத்தனாலில் நிரந்தரமாக வைப்பார்கள். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காற்றுப்போக்கி இல்லாமல் யாராவது உங்களை அந்த வேலை செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அளவு கூடினால் கஷ்டமும் கூடும். 2007இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் பிடிபட்டு, டெ பாப்பாவுக்கு வந்த 495 கிலோ ராட்சதக் கணவாயை நினைத்துப் பாருங்கள். உறைந்த கட்டியாக வந்தது. சும்மா வெளியே வைத்தால் நடுப்பகுதி இளகுவதற்குள் மேல்பகுதி அழுகிவிடும். அதனால் 2008இல் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் வைத்து மெதுவாக இளக்கினார்கள்.

சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீட்டு ஜாடிக்கு வெளியே ஒட்டப்படுவதில்லை, உள்ளே மீனோடு ஊறுகிறது. பருத்திக் கூழில் செய்த தாளில், பென்சிலாலோ அழியாத கறுப்பு மையாலோ எழுத வேண்டும். ஒரு பழைய சேகரிப்பில் ஒரு வரிசை ஜாடிகளைத் திறந்தோம். யாரோ அவசரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். தாள் இருந்தது, எழுத்து இல்லை. லேசான நீலக்கறை மட்டும். பன்னிரண்டு ஜாடி மீன்கள், எந்தத் தீவு, எந்த ஆண்டு, எவ்வளவு ஆழம் என்று எதுவுமே இல்லாமல் அநாதையாகிவிட்டன. அவற்றைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. இடம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, ஆழம், பிடித்த முறை, பிடித்தவர், பதிவு எண்: இந்த ஏழும் இல்லாத மீன் ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய வெறும் மீன்தான்.

சிப்பிகளுக்கும் பவளத்துக்கும் சாராயம் வேண்டாம், உலர்வாக வைக்கலாம். அவற்றின் எதிரி அலமாரியே. ஓக் மரமும் மலிவான அட்டையும் மெதுவாக அமில ஆவி விடும். அது சிப்பியின் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பூஞ்சைபோலப் பொடியாகப் பூக்கும். பைன் நோய் என்று பெயர். 1899இல் இதை எழுதிய பைன் என்பவர் கிருமி என்று நினைத்தார். அது நோயே இல்லை, வேதிவினை. இழுப்பறையைத் திறந்தவுடன் புளித்த காடி வாசம் அடித்தால் சந்தேகப்படுங்கள். சிப்பிகளை வெளியே எடுத்து, இரும்பு அலமாரிக்கும் அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்கும் மாற்ற வேண்டும்.

இப்போது அந்தத் தூண்டிலுக்கு வருவோம். பண்பாட்டுப் பிரிவில், அழகான பழைய மரப்பேழைக்குள் இருக்கிறது. தண்டு முத்துச்சிப்பி. அங்கே வேலை செய்பவர் பைன் நோய் என்ற சொல்லையே கேள்விப்படாதவராக இருக்கலாம். பக்கத்து அறையில் சிப்பி பார்ப்பவருக்கு அது அரிச்சுவடி. நீங்கள் இரண்டு அறைக்கும் போகிறவராக இருந்தால் ஒரு பொருள் பிழைக்கும்.

மூன்றாம் படி: மனிதர் செய்தவற்றைத் தொடுமுன்

நைட்ரைல் கையுறை போடுங்கள். பொருளைக் காப்பதற்கு மட்டுமல்ல, உங்களைக் காத்துக்கொள்ளவும். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க இறகு, தோல், முடி உள்ள பொருட்களில் ஆர்செனிக்கையும் பாதரச உப்பையும் பூசியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்கதிரால் தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஒரு பொருள் அதன் சமூகத்துக்குத் திரும்பிப் போய், சடங்கில் மீண்டும் யாராவது உடுத்தப்போகிறார் என்றால் இந்தச் சோதனை உயிர் விஷயம்.

பசிபிக் முழுவதும் பட்டையை அடித்துத் துணி செய்வார்கள். பொதுவாகத் தாப்பா என்பார்கள்; ஹவாயில் கப்பா. நமக்கு மரவுரி என்ற சொல் தயாராக இருக்கிறது. காகித முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி விரிப்பது. இதை மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் கீறும். அமிலமில்லாத உருளையில் சுற்றியோ விரித்தோ வையுங்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். பூச்சி கண்டால் மருந்து அடிக்காமல், காற்றுப்புகாத உறையில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் ஓரிரு வாரம் உறையவைப்பார்கள். ஆனால் சில பொருட்களை உறையவைப்பது முறையல்ல என்று அந்த மக்கள் கருதலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தூண்டிலின் எலும்பு முள்ளை நினைவிருக்கிறதா? நாய் எலும்பாக இருக்கலாம். மனித எலும்பாகவும் இருக்கலாம். ஹவாயில் அந்தக் காலத்தில் அப்படிச் செய்ததும் உண்டு. ஆராய்ச்சி ஆர்வத்தில் ஒரு துளி சுரண்டிப் பார்க்கத் தோன்றும். நிறுத்துங்கள். அமெரிக்காவில் 1990இல் வந்த நாக்ப்ரா சட்டம், பூர்வகுடிகள், ஹவாய் மக்கள் ஆகியோரின் மூதாதையர் எலும்புகளையும் புனிதப் பொருட்களையும் திருப்பித் தர வழிசெய்கிறது. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய விதிகளின்படி, அவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ அந்தச் சமூகத்தின் முன்கூட்டிய சம்மதம் வேண்டும். ஒரு தூண்டில் முள்ளில் இவ்வளவு இருக்கிறது.

நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பொருட்களுக்குத் தவோங்கா என்று பெயர். செல்வம் என்று சொல்லலாம், ஆனால் அதில் உயிரும் உறவும் சேர்ந்திருக்கின்றன. அவற்றின் அருகே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. மூதாதையர் எச்சங்கள் இருக்கும் இடத்தைவிட்டு வெளியே வரும்போது தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போய்வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் நுழைய விடாத பாட்டியிடம் வளர்ந்தவனுக்கு அது புதிதல்ல. வாசலில் நின்று, தண்ணீர் தெளித்துக்கொண்டு, பிறகு சாப்பிடப் போனேன்.

நான்காம் படி: யாருடையது என்று கேளுங்கள்

இந்த வேலையின் உச்சமாக நான் நினைப்பது 2024இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நியூசிலாந்தின் ஒட்டாகோ கடற்கரையில், தையரி முகத்துவாரத்தருகே, ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. மண்வெட்டிபோன்ற பல்லுள்ள அலகுத் திமிங்கிலம். அதையும் சேர்த்து அப்போது ஏழே ஏழுதான் பதிவாகியிருந்தன. உயிரோடு கடலில் இன்னதென்று உறுதியாகப் பார்த்தவர் எவரும் இல்லை. முழு உடலாக அறுத்து ஆராயக் கிடைத்தது அதுவே முதல்முறை. உலகெங்கும் உள்ள திமிங்கில ஆய்வாளர்கள் பறந்து வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் உடல் குளிர்க்கிடங்கில் மாதக்கணக்கில் காத்திருந்தது. அந்தக் கரைக்குரிய மாவோரி மக்களோடு பேசி, அவர்கள் இசைந்த பிறகு, டிசம்பரில்தான் கத்தி எடுத்தார்கள். ஆய்வாளர்களும் மாவோரி மக்களும் ஒரே மேசையைச் சுற்றி நின்றார்கள். எலும்புக்கூடு டுனெடினில் உள்ள அருங்காட்சியகத்துக்கு. கீழ்த்தாடையும் பல்லும் மாவோரிகளுக்கு, ஏனென்றால் அவர்கள் மரபில் அவை செதுக்கி அணியும் செல்வம். அருங்காட்சியகத்துக்குத் தாடையின் முப்பரிமாண நகல்.

இதை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலங்கியலுக்கு ஒன்றும் குறையவில்லை. திமிங்கிலத்தோடு அந்தக் கரைக்கு இருந்த உறவும் சீட்டில் ஏறியது.

ஃபிஜியில் விந்தணுத் திமிங்கிலத்தின் பல்லைத் தம்புவா என்பார்கள். பெண் கேட்கவும், மன்னிப்புக் கேட்கவும், இறந்தவருக்கு மரியாதை செய்யவும் அதைக் கயிற்றில் கோத்து இரு கையாலும் நீட்டுவார்கள். விலங்கியல் பிரிவில் 'பல், ஒன்று' என்று பதிவாகியிருக்கும் எத்தனை தம்புவாக்கள் பசிபிக்குக்கு வெளியே உறங்குகின்றனவோ.

திருப்பித் தருதல் சில நேரம் மெதுவாக நடக்கும். 1779 ஜனவரி 26 அன்று ஹவாய்த் தலைவர் கலானியோபுஉ தன் தோளிலிருந்த இறகுப் போர்வையைக் கழற்றி, ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் மேல் போர்த்தினார். அது இங்கிலாந்து போய், 1912இல் நியூசிலாந்துக்கு வந்து, 2016இல் டெ பாப்பாவிலிருந்து பிஷப் அருங்காட்சியகத்துக்கு நீண்டகாலக் கடனாக வந்தது. 2020இல் கடன் என்ற சொல் நீங்கி, நிரந்தரமாக ஹவாய்க்கே உரியதாயிற்று.

ஐந்தாம் படி: காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்பவளம், ராட்சதக் கிளிஞ்சல், கடலாமை, விந்தணுத் திமிங்கிலம் எல்லாம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. ஆராய்ச்சிக்கென்றாலும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. உயிரினங்களின் மரபுவளத்தைப் பயன்படுத்த, 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி அந்த நாட்டின் இசைவும் பலன் பகிர்வும் வேண்டும். ஹவாய்க்கு வடமேற்கே உள்ள பாப்பஹானவுமொக்குவாக்கெயா பாதுகாப்புக் கடற்பகுதியில் நுழையவே தனி அனுமதி. யுனெஸ்கோ 2010இல் அதை இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து உலக மரபிடமாக்கியது. நம் தூண்டிலின் சிப்பி அந்தப் பகுதியில் செழித்திருந்தது. 1920களின் இறுதியில் வாணிகத்துக்காக அள்ளி, ஓரிரு ஆண்டிலேயே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆறாம் படி: பதிவேடு

எங்கள் சேமிப்பறைக்கு ஒருமுறை ஹவாய் மீனவர் ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்பது நம்மூர்போல அங்கேயும் மரியாதை. தட்டில் ஐந்து தூண்டில்கள் வைத்திருந்தோம். ஐந்துக்கும் ஒரே சீட்டு: 'சூரைத் தூண்டில், முத்துச்சிப்பி'. அவர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "இது வெயில் ஏறியதும் போடுவது. இது மேகம் மூடிய காலைக்கு" என்றார். ஓட்டின் பளபளப்பு ஒவ்வொன்றிலும் வேறு. வானத்தைப் பார்த்துத்தான் தூண்டிலை எடுப்பார்களாம். நாங்கள் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த பொருட்கள். எங்களுக்கு ஐந்தும் ஒன்றாகவே தெரிந்திருந்தன.

அதைப் பதிவேட்டில் ஏற்றுமுன் அவரிடம் மூன்று கேள்வி கேட்டோம். உங்கள் பெயரைப் போடலாமா? இணையத்தில் எல்லோரும் பார்க்கலாமா? எழுதக் கூடாதது ஏதாவது சொன்னீர்களா? ஒன்றை நீக்கச் சொன்னார், நீக்கினோம். நீங்களும் இந்த மூன்றையும் கேளுங்கள். சேகரிப்புத் தரவுகள் இன்று ஜிபிஐஎஃப் போன்ற உலகத் தரவுத்தளங்களுக்குப் போகின்றன. மீனின் இடமும் தேதியும் அங்கே போகட்டும். ஒரு குடும்பத்தின் மீன்பிடி இடம் போக வேண்டியதில்லை.

பதிவில் இனப்பெயரையும் மண்ணின் பெயரையும் இரண்டு தனிக் கட்டங்களில் எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக நினைக்காதீர்கள். ஹவாய் மக்களின் படைப்புப் பாடலான குமுலிப்போவில் முதலில் பிறப்பது பவளப்பூச்சி. கடலில் பிறக்கும் பலவற்றுக்கும் நிலத்தில் ஓர் இணை உண்டு என்று அது அடுக்கிக்கொண்டே போகும். பவளத்தை அவர்கள் வகைப்படுத்திய வழி அது.

ஏழாம் படி: விண்ணப்பம்

சேகரிப்புப் பராமரிப்பு என்ற சொல்லைத் தேடுங்கள். தன்னார்வலர், பயிற்சியாளர் இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் திறக்கும். கடிதத்தில் உங்கள் பட்டத்தைவிட, அந்த இடத்தின் ஏதாவது ஒரு பொருளைப் பற்றி நீங்கள் கவனித்ததை எழுதுங்கள். நம்மவர்களுக்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்பைக் கண்காணித்த ஜேம்ஸ் ஹார்னெல், சங்கின் உயிரியலையும் சங்கு வளையல் அணியும் வழக்கத்தையும் சேர்த்தே படித்தவர். பிற்காலத்தில் மானுடவியலாளர் ஹாடனோடு சேர்ந்து அவர் எழுதிய பசிபிக் படகுகள் பற்றிய மூன்று தொகுதிகளை 1936 முதல் 1938 வரை வெளியிட்டது பிஷப் அருங்காட்சியகம்தான். பாம்பனிலோ முட்டத்திலோ வளர்ந்தவர் ஒருவர் படகின் பாகங்களைப் பெயர் சொல்லத் தெரிந்தவர் என்றால், அதைக் கடிதத்தில் எழுதத் தயங்கக் கூடாது. அது இங்கே தகுதி.

முதல் நாள் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்; இறகிலும் நாரிலும் மாட்டிக்கொள்ளும். பையில் இரண்டு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.